கிளினிக் வரிசையில் கேட்கப்படும் சம்மதம்: வடமராட்சியில் சிகிச்சை ஆய்வுகளுக்கு ஆள் சேர்த்தல் குறித்து

பல்கலைக்கழக மருத்துவமனைகளின் சிகிச்சை ஆய்வுகளில் பொதுமக்கள் எவ்வாறு சேர்கிறார்கள் என்பது பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி மேலைநாட்டு நடைமுறையை அடியொற்றியது. மருத்துவமனை விளம்பரம் செய்யும், பார்த்தவர் தொலைபேசியில் அழைப்பார், விரும்பினால் சேர்வார். வடமராட்சியிலுள்ள உடுப்பிட்டிக்கு இது பொருந்தாது. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ உள்ள ஒரு தாயார் விடியற் பேருந்தில் மந்திகை ஆதார வைத்தியசாலைக்கு அல்லது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகிறார். கையில் பொலித்தீன் உறையிட்ட கிளினிக் கொப்பி. இலக்கத் துண்டு எடுத்து வாங்கில் காத்திருக்கிறார். ஆய்வு ஒன்று நடந்தால் அது அந்த வாங்கிலேயே அவரைக் கண்டுபிடிக்கிறது. அவர் ஆய்வைத் தேடிப் போனவர் அல்லர்.

யாழ். தீபகற்ப மக்கள் சிகிச்சை ஆய்வுகளுக்கு வெளியே நின்ற காலம் அவர்களைக் காக்கவில்லை. அவர்களுக்கு இழப்பையே தந்தது. ஆயினும் அவர்களை உள்ளே அழைக்கும் இடமும் அழைக்கும் ஆளும் இன்றுள்ளபடியே இருந்தால் பெறப்படும் சம்மதத்துக்கு மதிப்பில்லை. இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவதற்கு அலரி விதை நஞ்சின் வரலாறே சான்று. 1980களில் யாழ்ப்பாணத்தில் தன்னுயிர் மாய்ப்பு முயற்சிகளோடு பரவிய இந்நஞ்சு, பின்னர் தீவின் ஏனைய மாவட்டங்களுக்கும் சென்றது. இங்கு கண்ட 170 நோயாளரைப் பற்றிச் சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் எழுதிய கட்டுரை 1988இல் சர்வதேசத் தடயவியல் ஆய்விதழில் வெளிவந்தது. நோயை முதலில் விரிவாகப் பதிவுசெய்தவர்கள் நம்மவர்களே. எந்தச் சிகிச்சை உயிர் காக்கும் என்பதைச் சோதித்த ஆய்வுகள் மட்டும் இங்கு நடக்கவில்லை. டிஜொக்சின் எதிர் நச்சுமுறி 66 பேரில் சோதிக்கப்பட்டது கொழும்பில். முடிவு 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்தது. இதயத் துடிப்புக் கோளாறுகளை அம்மருந்து விரைவாகச் சீராக்கியது. மருத்துவக் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது பற்றி 401 பேரில் நடந்த ஆய்வு 2003இல் வந்தது. கரி பெற்றவர்களில் நூற்றுக்கு 2.5 பேரும், பெறாதவர்களில் 8 பேரும் இறந்திருந்தனர். அனுராதபுரம் உட்பட மூன்று மருத்துவமனைகளில் 4,600க்கு மேற்பட்டோரை உள்ளடக்கி 2008இல் வெளிவந்த பேராய்வோ கரியால் பயனில்லை என்றது. அவர்களுள் பாதிப்பேர் பூச்சிநாசினி அருந்தியவர்கள். அலரி விதை உண்டவர்கள் ஏறத்தாழ 1,650 பேர். கரி கொடுத்த கால அளவும் முந்திய ஆய்விலிருந்து வேறுபட்டது.

ஒன்றோடொன்று முரண்படும் இவ்விரு முடிவுகளையும் வைத்துக்கொண்டுதான் யாழ்ப்பாணத்து மருத்துவர் நள்ளிரவில் தீர்மானம் எடுக்கவேண்டியிருந்தது. நோய் தொடங்கிய மண்ணில் ஆய்வு நடக்காததற்குப் போரே முதற் காரணம். தீபகற்பத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. மருந்து தவறாமல் வந்து சேரவும், நோயாளரை மாதக்கணக்கில் பின்தொடரவும் முடியாத இடத்தில் எந்த ஆய்வுக் குழு கால் வைக்கும்? போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தபின் அந்தக் காரணத்தையே சொல்லிக்கொண்டிருப்பது வேறு கதை.

நச்சுமுறியின் பிற்கதை இன்னும் கசப்பானது. ஆய்வில் வென்ற அம்மருந்தின் விலை இலங்கைக்குக் கட்டுப்படியாகவில்லை. கையிருப்பு தீர்ந்தபின் இறப்புகள் கூடியதை அதே ஆய்வாளர்களே 2003இல் லான்செட்டில் எழுதினர். உயிருக்குப் போராடிய நிலையில் ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் இந்நாட்டவர்கள். அதன் பயனைக் காசு கொடுத்து வாங்க வல்லவை பிற நாடுகள். ஆய்வின் பின் மருந்து கிடைப்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டும் என்று மருத்துவ ஆய்வு நெறிமுறைக்கான ஹெல்சிங்கிப் பிரகடனம் கூறுவது இத்தகைய நிலைமைக்காகவே.

இதற்கு நேர்மாறான முன்னுதாரணம் பாக்கு நீரிணைக்கு அப்பால் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் 193 ஏழை நோயாளரை எழுமாற்றாக இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் ஓராண்டு சானட்டோரியத்தில். மற்றவர் தங்கள் நெருக்கமான வீடுகளிலேயே. நல்ல உணவும் ஓய்வும் இன்றி வீட்டிலிருந்து மருந்து உண்டவர்களும் ஏறக்குறைய அதேயளவு குணமடைந்தனர். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959இல் வந்த இம்முடிவு உலகெங்கும் சானட்டோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. சுகாதாரப் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடு தேடிப் போய் மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். அங்கு எழுப்பப்பட்ட கேள்வி அந்த நோயாளரின் சொந்தக் கேள்வி. சோதித்த மருந்து அவர்கள் நாட்டுக்குக் கட்டுப்படியாகும் மலிவு மருந்து. ஏழைகளிடம் நடந்த ஆய்வு என்பதாலேயே அதைச் சுரண்டல் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

இனி அழைக்கும் முறைக்கு வருவோம். இலங்கையில் கட்டமைப்பு இல்லாமல் இல்லை. இலங்கை மருத்துவச் சங்கத்தின் சிகிச்சை ஆய்வுப் பதிவேடு 2006 முதல் இயங்குகிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் மருந்தாய்வுகளுக்கு அனுமதி பெறவேண்டும் என்கிறது. 1978இல் தொடங்கிய யாழ். மருத்துவ பீடத்துக்கு நெறிமுறை மீளாய்வுக் குழு உண்டு. அரச கிளினிக்குகளில் தரமான ஆய்வு நடத்த முடியும் என்பதும் தெளிவு: 700 பேரைக் கொண்டு 2018இல் வெளியான முக்கூட்டு மாத்திரை ஆய்வில், அதைப் பெற்றோருள் நூற்றுக்கு 70 பேரின் குருதியமுக்கம் இலக்கை எட்டியது, வழமையான சிகிச்சை பெற்றோரில் 55 பேர்.

குறை வாங்கிலேதான் இருக்கிறது. தன் கொப்பியில் மருந்தெழுதும் மருத்துவரே ஆய்வில் சேரக் கேட்கும்போது, உடுப்பிட்டித் தாயார் தருகின்ற மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: "நீங்கள் சொன்னாச் சரிதானே டொக்டர்." இதை நம்பிக்கை என்று மெச்சுவோர் உண்டு. இலவச வைத்தியத்தில், மாற்று இடம் இல்லாதவர், அடுத்த மாதமும் அதே கதவைத் தட்டவேண்டியவர் தரும் மறுமொழி அது. மறுத்தால் சிகிச்சை குறையாது என்று படிவத்தில் அச்சிட்டிருக்கலாம். வரிசையில் பின்னால் நாற்பது பேர் நிற்கையில் அதை எவர் வாசிப்பார்?

தவிர, நமது வீடுகளில் இத்தகைய முடிவைத் தனியாள் எடுப்பதில்லை. மகளிடம் கேட்கவேண்டும், கனடாவில் ஸ்காபரோவிலுள்ள மகனுக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும். இதைத் தனிமனித உரிமைக்கு இடையூறு என்று நெறிமுறைப் பாடநூல்கள் கருதக்கூடும். அந்த இரண்டு நாள் அவகாசத்தில்தான் சம்மதம் உண்மையாகிறது என்பது என் துணிபு. ஆகவே கேட்பவர் சிகிச்சையளிக்கும் மருத்துவராக இருத்தல் ஆகாது. சனசமூக நிலையத்திலோ பாடசாலை மண்டபத்திலோ மாலை நேரத்தில், குடும்பத்தார் உடனிருக்க, கேள்வி கேட்க நேரம் விட்டு விளக்கவேண்டும். எந்த மருந்து எவருக்கு என்பதை டொக்டர் தீர்மானிப்பதில்லை, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல விழும் என்று சொன்னால் எழுமாற்று முறை எவருக்கும் விளங்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் இவ்வளவு அவகாசம் கிடையாதுதான். அத்தகைய ஆய்வுகளுக்கு ஊர் மக்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பதே வழி.

தமிழில் இதையெல்லாம் விளக்க முடியாது என்ற சாக்கை யாழ்ப்பாணத்தில் சொல்வதற்கு நாணவேண்டும். மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். அவருடைய மனுஷ அங்காதிபாதம் 1872இல் அச்சேறியது. அவரைப் போன்ற அமெரிக்க மிசனரிமாரின் பள்ளிக்கூடங்கள் உடுப்பிட்டியிலும் வேரூன்றின. இன்றும் ஆங்கிலத்தில் எழுதி முடித்த படிவத்தைக் கடைசி வாரத்தில் மொழிபெயர்க்கக் கொடுப்பது சோம்பல்.

மருத்துவ பீடத்திடமும் நெறிமுறைக் குழுவிடமும் வேண்டுவது இதுதான்: ஆய்வு முடிந்தபின் இந்த மருந்து மந்திகையில் கிடைக்குமா, எத்தனை காலத்துக்கு, யார் செலவில் என்ற கேள்விக்கான விடை தமிழ்ப் படிவத்தின் முதற் பக்கத்தில் இருக்கவேண்டும். கிடைக்காது என்பதே விடையாயின் அதையும் அங்கேயே அச்சிடுங்கள்; அதை வாசித்தபின் சேர்வதா இல்லையா என்பதை உடுப்பிட்டியார் தீர்மானிக்கட்டும்.