நள்ளிரவில் கதவைத் திறந்தவர்கள்

வீடில்லாத இளையோருக்கான காப்பகங்களில் வேலை செய்வோரைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் எனக்கு லண்டன்தான் நினைவுக்கு வந்தது. காரணம், அந்தக் கதையில் தொலைக்காட்சிக்கும் பங்கு உண்டு.

1966 நவம்பர் 16-ஆம் தேதி பிபிசியில் ‘கேத்தி கம் ஹோம்’ என்ற நாடகம் ஒளியேறியது. இயக்கியவர் கென் லோச். வாடகை வீட்டை இழந்து, கணவனைப் பிரிந்து, கடைசியில் பிள்ளைகளையும் பறிகொடுக்கும் ஒரு பெண்ணின் கதை. ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். பதினைந்தே நாளில், டிசம்பர் 1-ஆம் தேதி, ‘ஷெல்டர்’ என்ற அறநிறுவனம் தொடங்கப்பட்டது. நாடகத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கியதல்ல. ஏற்பாடுகள் முன்பே நடந்துகொண்டிருந்தன. ஆனால், மக்கள் மனத்தைத் தயார் செய்து வைத்தது அந்த ஒரு நாடகம்.

கேத்திக்குப் பிள்ளைகள் இருந்தனர். அதனால் நாடு அழுதது. பதினேழு, பதினெட்டு வயதில் தனியாக ரயிலேறி வந்த பையனுக்கு யார் அழுவது? அன்றைய அரசாங்கத்தின் வரவேற்பு நிலையங்கள் பெரும்பாலும் நாடோடியாய்த் திரிந்த வயதான ஆண்களுக்கானவை. அங்கே ஓர் இளைஞனைப் படுக்க வைப்பது ஆபத்து. தெருவில் படுத்தாலோ 1824-ஆம் ஆண்டின் நாடோடிச் சட்டம் இருந்தது. நெப்போலியன் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களும் ஏழைகளும் தெருவில் நிறைந்திருந்த காலத்தில் கொண்டுவந்த சட்டம் அது.

இந்த இடத்தில்தான் கென்னத் லீச் வருகிறார். சோஹோ வட்டாரத்தில் தூய ஆன் தேவாலயத்தின் உதவிப் பாதிரியார். முப்பது வயது. சோஹோ என்றால் இரவு விடுதிகள், போதைப் பொருள், ஊரை விட்டு ஓடிவந்த பிள்ளைகள். 1969 டிசம்பர் 16-ஆம் தேதி அந்தத் தேவாலயத்தின் நிலவறையில் இளையோருக்கென்றே ஓர் இரவுக் காப்பகத்தைத் திறந்தார். ‘சென்டர்பாயிண்ட்’ என்று பெயர். அதே பெயரில் சற்றுத் தூரத்தில் ஒரு வானளாவிய அலுவலகக் கட்டடம் பல ஆண்டுகளாக ஆளில்லாமல் காலியாக நின்றது. அதைக் குத்திக்காட்டத்தான் அந்தப் பெயர் என்பார்கள்.

அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தொண்டூழியர்கள். இரவுக் காப்பகத்து வேலை வெளியே தெரியாத வேலை. கதவில் நிற்பவர் சில நிமிடங்களில் எத்தனையோ முடிவுகளை எடுக்க வேண்டும். வந்தவர் உண்மையிலேயே இளையவரா? பையில் கத்தி இருக்கிறதா? போதை ஏறியிருக்கிறதா, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா? வெளியே ஆள் பிடிக்கும் தரகன் யாராவது காத்திருக்கிறானா? சூப்பும் படுக்கையும் கொடுப்பது எளிது. காலையில் எழுப்பி, “இனி எங்கே போவாய்?” என்று கேட்பதுதான் கடினம்.

நல்ல மனம் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் ஒப்பமாட்டேன். 1975 ஜூலையில் ‘ஜானி கோ ஹோம்’ என்ற ஆவணப்படம் ஐடிவியில் ஒளியேறியது. லண்டனுக்கு ஓடிவரும் பையன்களைப் பின்தொடர்ந்த படம். தன்னைத்தானே ஆயர் என்று அழைத்துக்கொண்ட ஒருவர் நடத்திய விடுதிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அடைக்கலம் தேடி வந்த பிள்ளைகள் அங்கே சீரழிக்கப்பட்டார்கள். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அந்த விடுதிகளோடு தொடர்புடைய இளைஞர் ஒருவர் கொலையானார். அந்த நபர் சிறைக்குப் போனார். காப்பகத்தில் வேலைக்குச் சேர்வோரின் பின்னணியை ஆராய்வது, பிள்ளைகளோடு தனியாக இருக்கவிடாமல் விதி வைப்பது எல்லாம் சிலருக்கு வீண் கெடுபிடியாகத் தோன்றலாம். அவற்றின் விலை என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

சட்டத்திற்கு வருவோம். 1977-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வீடற்றோர் சட்டத்தை நிறைவேற்றியது. குடும்பம், கர்ப்பிணி, முதியவர், நோயாளி ஆகியோருக்கு முன்னுரிமை. உடல்நலமுள்ள தனி இளைஞருக்கு ஆலோசனை மட்டும். (அதே 1977-ல் நம் மலேசியாவிலும் ஆதரவற்றோர் சட்டம் வந்தது. அவர்களுடையது வீட்டைப் பற்றிப் பேசியது. நம்முடையது ஆளைப் பிடித்து மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தி நல இல்லத்தில் சேர்ப்பதைப் பற்றிப் பேசியது.)

பிறகு வந்தது 1988. பதினாறு, பதினேழு வயதினரில் பெரும்பாலோருக்கு அரசாங்க உதவித்தொகை நிறுத்தப்பட்டது. படி, இல்லையேல் தொழிற்பயிற்சியில் சேர், இல்லையேல் பெற்றோரோடு இரு என்பது அதன் கணக்கு. மாற்றான் தந்தையின் அடிக்கு அஞ்சி வெளியேறியவனுக்கு எந்தப் பெற்றோர்? லண்டன் தெருக்களில் இளம் முகங்கள் பெருகின. வாட்டர்லூ ரயில் நிலையத்தருகே ஏற்கெனவே அட்டைப்பெட்டிகளால் ஒரு நகரமே எழுந்திருந்தது. 1998-ல் அது காலி செய்யப்பட்டு, மறு ஆண்டு அதே இடத்தில் ஐமேக்ஸ் திரையரங்கம் திறக்கப்பட்டது!

இளவரசி டயானா 1992-ல் சென்டர்பாயிண்டின் புரவலரானார். 2005-ல் அவர் மகன் வில்லியம் அப்பொறுப்பை ஏற்று, 2009 டிசம்பரில் ஓரிரவு கடுங்குளிரில் தெருவில் படுத்தார். செய்திக்கு நல்ல படம்.

ஆனால், அந்த ஆண்டின் பெரிய செய்தி அதுவல்ல என்பேன். மே மாதம் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஒரு தீர்ப்பளித்தார்கள். தாயால் வெளியேற்றப்பட்ட பதினேழு வயதுப் பையனை லண்டனின் சவுத்தவார்க் நகராண்மைக் கழகம் வீட்டு வசதிப் பிரிவுக்குத் தள்ளிவிடப் பார்த்தது. இல்லை, அவன் சட்டப்படி இன்னும் குழந்தை, 1989-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி சிறார் நலப் பிரிவுதான் அவனைப் பொறுப்பேற்க வேண்டும் என்றனர் நீதிபதிகள். அதற்குப் பிறகு காப்பகக் கதவில் நிற்பவர் வயதைக் கேட்பதன் பொருளே மாறிப்போனது. ‘பதினேழு’ என்ற பதில் வந்தால் சமூகநலப் பிரிவைத் தொலைபேசியில் அழைக்கலாம். அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

பதினெட்டு முடிந்தவருக்கு? 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடப்புக்கு வந்த சட்டம், தகுதியுள்ள எவருக்கும், குடும்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 56 நாள்களுக்கு வீடு தேட உதவும்படி நகராண்மைக் கழகங்களைக் கட்டாயப்படுத்தியது. ஐம்பத்தேழாம் நாள் அவர் மீண்டும் அந்தப் பழைய முன்னுரிமைப் பட்டியலின் முன்னால்தான் நிற்கிறார்.