யூடியூப் தடம் மாறிய நிகழ்வு, 2008

2008 பிப்ரவரி 24 அன்று, பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் வெளியிட்ட தவறான வழித்தட அறிவிப்பால் யூடியூப் தளம் உலகின் பல பகுதிகளில் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் கிடைக்காமல் போனது. தவறான வழித்தட அறிவிப்புகளால் நேரும் தடைக்கு இது உதாரணமாகக் காட்டப்படுகிறது.

பின்னணி

இணையம் பல்லாயிரம் தனித்தனி வலைப்பின்னல்களின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஏஎஸ் எண் என்னும் அடையாள எண் உண்டு. எந்த ஐபி முகவரிகள் தன்னிடம் உள்ளன என்பதை ஒவ்வொரு வலைப்பின்னலும் பிஜிபி என்னும் நெறிமுறை வழியே அண்டை வலைப்பின்னல்களுக்கு அறிவிக்கும். ஒரே முகவரிக்கு இரண்டு அறிவிப்புகள் வந்தால், சிறிய தொகுதியைக் குறிப்பதையே ரவுட்டர்கள் ஏற்கும். அறிவிப்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்று பிஜிபி தானாகச் சரிபார்ப்பதில்லை.

நிகழ்வு

யூடியூப் (ஏஎஸ் 36561) தன் 1024 முகவரிகளை 208.65.152.0/22 என்று ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. யூடியூபை நாட்டுக்குள் முடக்கப் பாகிஸ்தான் அரசு உத்தரவிட்டதை அடுத்து, பாகிஸ்தான் டெலிகாம் (ஏஎஸ் 17557) அதற்குள் அடங்கிய 256 முகவரிகளை 208.65.153.0/24 என அறிவித்தது. உள்நாட்டோடு நிற்க வேண்டிய இந்த அறிவிப்பு, உலகப் பொது நேரப்படி 18:47 மணிக்கு வெளியே கசிந்தது. பாகிஸ்தான் டெலிகாமின் மேல்நிலை இணைப்பு நிறுவனமான ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ குளோபல் (ஏஎஸ் 3491) வடிகட்டாமல் அதை உலகுக்குக் கடத்தியது. யூடியூபுக்குச் செல்ல வேண்டிய போக்குவரத்து பாகிஸ்தானுக்குத் திரும்பியது.

20:07க்கு யூடியூபும் அதே /24 தொகுதியை அறிவித்தது. இரண்டும் சம அளவு என்பதால், யூடியூபுக்கான பாதை நீளம் குறைவாக இருந்த இடங்களில் மட்டும் சேவை மீண்டது. 20:18க்கு அத்தொகுதியை 128 முகவரிகள் கொண்ட இரண்டு /25 தொகுதிகளாகப் பிரித்து அறிவித்தது. இவ்வளவு சிறிய தொகுதிகளைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதால் இதுவும் முழுத் தீர்வாகவில்லை. 21:01க்கு பிசிசிடபிள்யூ, பாகிஸ்தான் டெலிகாமின் அறிவிப்புகளைத் திரும்பப் பெற்ற பின்பே நிலைமை சீரானது.

கண்டறிந்த முறை

ஆம்ஸ்டர்டாமில் இயங்கும் இணைய முகவரிப் பதிவகமான ரைப் என்சிசி, பல நாடுகளில் வைத்துள்ள பதிவுக்கருவிகளில் பிஜிபி அறிவிப்புகளை நேரத்தோடு சேமித்துவருகிறது. அப்பதிவுகளில், அறிவிப்பு கடந்துவந்த ஏஎஸ் எண்களின் வரிசையான ஏஎஸ் பாதையின் கடைசி எண்ணே (அறிவிப்பைத் தொடங்கியவரின் எண்) தடயமானது: 36561 இருக்க வேண்டிய இடத்தில் 17557 இருந்தது, அதற்கு முன்னால் 3491 நின்றது. தொடங்கியவர், கடத்தியவர் இருவரும் அந்த ஒரே வரியில் தெரிந்தனர். சர்வர் பழுதாகியிருந்தால் அறிவிப்பு அப்படியே இருந்திருக்கும்; கேபிள் அறுபட்டிருந்தால் அது மறைந்திருக்கலாம்; இரண்டிலும் உரிமையாளர் எண் மாறியிருக்காது.

தடுப்பு

முகவரி உரிமையைக் கையொப்பச் சான்றிதழால் உறுதிசெய்யும் ஆர்பிகேஐ முறைக்கான அடிப்படை ஆவணங்கள் 2012இல் வெளியாயின. உரிமையாளர் தம் தொகுதிகளைப் பதிவுசெய்தால் மட்டும் போதாது. அறிவிப்பைப் பெறும் நிறுவனங்கள் அதைச் சரிபார்த்து, பொருந்தாதவற்றை நிராகரிக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் இம்முறையால் பயனில்லை.