ஈய எழுத்திலிருந்து அசெம்பிள் கணினி வரை: வாவிக்கரையின் வடிவமைப்புக் கதை

போன மாதம் ஒரு தம்பி வந்து கேட்டான்: "அண்ணே, டிசைன் வேலைக்கு ஒரு கொம்பியூட்டர் பூட்டணும். காசு கொஞ்சம்தான் இருக்கு. என்னென்ன சாமான் போடலாம்?"

கடையில் எழுதிக் கொடுத்த துண்டு ஒன்று அவன் கையில் இருந்தது. கண்ணாடிக் கேசிங், கலர் லைட் எரியும் விசிறிகள், கேம் விளையாட ஏற்ற கிராபிக்ஸ் கார்ட் எல்லாம் அதில் இருந்தன. யு.பி.எஸ் இல்லை. இரண்டாவது டிஸ்க் இல்லை. ராம் 8 ஜி.பி. மட்டும்.

"இதில சிலதக் குறைச்சி சிலதக் கூட்டணும்" என்றேன். "ஏன்?" என்றான். அந்த 'ஏன்' கொஞ்சம் நீளமானது. அதற்குப் பதில் சொல்ல எங்கட ஊரின் அச்சுக்கதைக்கும் போக வேண்டும், கணினியின் கதைக்கும் போக வேண்டும்.

வித்துவான் வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964 இல் வெளிவந்தது. எங்கள் வழக்காறுகளையும் கலைகளையும் வழிபாட்டையும் பற்றிய அந்த நூலை வெளியிட்டது யாழ்ப்பாணத்தின் ஈழகேசரிப் பொன்னையா நினைவு வெளியீட்டு மன்றம். மட்டக்களப்பில் அச்சகங்கள் இல்லாமல் இல்லை. வாழைச்சேனையில் 1950களிலேயே கடதாசி ஆலை வந்துவிட்டது, வைக்கோலிலிருந்தும் அங்கே கடதாசி செய்தார்கள். ஆனால் ஒரு புத்தகத்துக்குக் கடதாசி மட்டும் போதாதே. தமிழுக்குப் பெட்டி பெட்டியாக ஈய எழுத்து வேண்டும், கோர்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரு படம் போடுவதென்றால் தகட்டில் 'புளொக்' வெட்ட வேண்டும், அதற்குத் தனிச்செலவு. அதனால் நோட்டீஸ் அடிக்கிறவர் பூ வரைந்த ஓரக்கட்டையோடு திருப்திப்பட்டார். அதுவும் முடியாதவர் றோனியோவில் சுற்றினார். அந்தக் காலத்தில் வடிவமைப்பு என்பது கைவசம் என்ன எழுத்து, என்ன புளொக் இருக்கிறது என்பதுதான்.

இதை மாற்றிய இரண்டு சம்பவங்கள் எங்களுக்கு வெகுதொலைவில் நடந்தன.

முதலாவது 1981. ஐ.பி.எம். தன் தனிநபர் கணினியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எல்லாவற்றையும் தானே செய்ய நேரமில்லாததால் இன்டெலிடமிருந்து சிப்பையும், மைக்ரோசொப்டிடமிருந்து இயங்குதளத்தையும் வாங்கிப் பூட்டியது. தனக்கென்று பெரிதாக வைத்திருந்தது 'பயோஸ்' என்ற சின்ன மென்பொருளை மட்டும்தான். அதே வேலையைச் செய்யும் பயோஸ் ஒன்றைச் சட்டத்துக்குள் நின்று கொம்பாக் நிறுவனம் எழுதி முடித்ததும் கதவு திறந்துவிட்டது. அதன்பின் யார் வேண்டுமானாலும் பாகம் வாங்கி, பொருந்தும் கணினி பூட்டலாம். இன்று ஒருவர் செய்த மதர்போர்டில் இன்னொருவர் செய்த ராமைச் செருகிவிட்டு நாம் யோசிக்காமல் இருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது 1985. அல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் வந்தது. மக்கின்டொஷ் கணினி, லேசர் பிறின்டர், பேஜ்மேக்கர் மூன்றும் சேர்ந்ததும் ஒரு மேசையிலேயே பக்கம் கட்ட முடிந்தது. பின்னர் பேஜ்மேக்கர் சாதாரண விண்டோஸ் கணினிக்கும் வந்தது. எங்கட அச்சகங்களுக்கு வந்து சேர்ந்தது இந்த மலிவான வடிவம்தான். கூடவே பாமினி எழுத்துருவும் வந்தது. அதன் விசை அடுக்கு தமிழ்த் தட்டச்சைத் தழுவியது. டைப் அடிக்கத் தெரிந்தவர்கள் புதிதாகப் பழகாமலே கணினிக்கு மாறிக்கொண்டார்கள்.

ஆனால் வாவியின் இரண்டு கரைக்கும் இது ஒரே நேரத்தில் வரவில்லை. போர்க்காலத்தில் எழுவான்கரை அரச கட்டுப்பாட்டிலும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. புலிகளின் பகுதிகளுக்குப் பற்றரி கொண்டுபோகவே தடை இருந்த காலம் அது. படுவான்கரையின் பல கிராமங்களுக்குப் போர் ஓய்ந்த பிறகுதான் மின்கம்பி வந்தது. மண்முனைத் துறையில் பாலம் திறந்தது 2014 இல். அதுவரை ஒரு நோட்டீஸ் அடிக்கவும் பாதையேறித் தண்ணீர் கடக்க வேண்டியிருந்தது. இன்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே சடங்கு நோட்டீஸும் கலியாணக் கார்டும் செய்கிறார்கள் என்றால், அது சின்ன மாற்றமில்லை.

அந்த வேலைகளை அதே பிள்ளைகள் பத்து வருஷம் கழித்துத் திறந்து பார்க்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

பாமினியில் அடித்த 'அம்மா' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். யுனிகோட்டில் தமிழ் 1991 இலேயே இடம்பெற்றது. விண்டோஸ் 2000 தமிழை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2001 இல் வந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்புக்கூட யுனிகோட் தமிழுக்கு இடம் தரவில்லை. அதனால் எத்தனையோ விழா மலர்களும் கல்வெட்டுகளும் அந்தப் பழைய கோப்புகளுக்குள்ளேயே கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26 கல்லடியிலும் நாவலடியிலும் அல்பங்களைக் கடல் கொண்டுபோனபோது, ஒரே ஒரு பிரதி வைத்திருப்பது என்றால் என்னவென்று இந்த ஊர் அறிந்துகொண்டது.

எனக்கு அது இன்னொருதரம் 2022 இல் புரிந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. அந்த நாட்களில் பெரியம்மாவின் 31ஆம் நாள் கல்வெட்டை நான்தான் செய்துகொண்டிருந்தேன். கறை பிடித்த அவவின் இளவயதுப் படத்தை மூன்று இரவு இருந்து திருத்தியிருந்தேன். நாலாம் இரவு கரண்ட் போய், ஒரு அடி அடித்து வந்தது. விலை குறைவென்று வாங்கிய பவர் சப்ளை கருகி, மதர்போர்டையும் இருந்த ஒரே டிஸ்க்கையும் கொண்டு போனது. அடையாள அட்டைப் படத்தோடுதான் கல்வெட்டு அச்சானது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடக் கஷ்டம்.

இனித் தம்பியின் துண்டுக்கு வருவம்.

முதலில் கரண்ட். நல்ல பெயருள்ள, 80 பிளஸ் முத்திரையுள்ள பவர் சப்ளை ஒன்று எடுங்கள். அந்த முத்திரை சொல்வது மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டும்தான், பாதுகாப்பை அல்ல. அதனால் பெயரையும் உத்தரவாதக் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். கூடவே சின்ன யு.பி.எஸ் ஒன்று. 'சேவ்' பண்ணி நிறுத்த ஐந்து நிமிஷம் கிடைத்தால் போதும்.

இரண்டாவது டிஸ்க். இயங்குதளத்துக்கும் நடக்கிற வேலைக்கும் ஒரு எஸ்.எஸ்.டி. முடிந்த வேலையின் பிரதிக்கு வேறொரு டிஸ்க். அது பாவித்த ஹார்ட் டிஸ்க்காக இருக்கக்கூடாது, கணினிக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது ராம். கணக்குப் பாருங்கள். 10 அடிக்கு 6 அடி பெனர் ஒன்றை அங்குலத்துக்கு 100 புள்ளி வீதம் செய்தால் 12,000க்கு 7,200, அதாவது 8 கோடியே 64 லட்சம் புள்ளிகள். அச்சுக்குரிய நாலு நிறத்தில் ஒரு முழு லேயருக்கே கிட்டத்தட்ட 345 எம்.பி. வேண்டும். பத்து லேயர் போட்டால் 8 ஜி.பி. திணறும். 16 ஜி.பி. எடுங்கள். அதையும் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக எடுங்கள். இரண்டு வழியாகத் தரவு ஓடுவதால் வேகம் கூடும்.

அந்த வேகம் அடுத்த பாகத்துக்கும் உதவும். ரைசன் 5 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் புரொசெசர் ஒன்று போதும். அதன் கிராபிக்ஸ் ராமைத்தான் பங்கிட்டுப் பாவிக்கிறது. நோட்டீஸ், லோகோ, புத்தகப் பக்கம், படம் திருத்தல் எல்லாம் இதில் ஓடும். பெயரின் கடைசி எழுத்தை மட்டும் கவனியுங்கள். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. மதர்போர்டில் நாலு ராம் இடமும் பெரிய கார்டுக்கான செருகியும் இருக்கட்டும். வீடியோ, முப்பரிமாண வேலை வரும்போது கார்ட் வாங்கலாம், அதுவும் அந்த வேலைக் காசிலேயே.

மொனிட்டர் ஐ.பி.எஸ். வகையாக, எஸ்.ஆர்.ஜி.பி. நிறத்தை முழுதாகக் காட்டுவதாக இருக்கட்டும். அப்படியிருந்தும் திரையில் பளீரென்ற நீலம் கடதாசியில் ஊதாப்பக்கம் சாயும். முதல் பிரதியைப் பார்க்காமல் ஆயிரம் அடிக்கக் கொடுக்காதீர்கள்.

கேசிங் எதுவும் போடலாம், காற்றோட்டம் இருந்தால் சரி. வாவிக்காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. ஒருநாள் கணினி எழும்பாவிட்டால் பயப்படாமல், கரண்டைக் கழற்றிவிட்டு, ராமின் பொன்னிறப் பற்களை பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பலதரம் அது போதும்.

மென்பொருளுக்கு இன்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் காசில்லாமல் கிடைக்கின்றன. எழுத்தை யுனிகோட்டில் வையுங்கள். அச்சகம் பாமினிதான் வேண்டுமென்றால் மாற்றிக் கொடுங்கள், மூலத்தை யுனிகோட்டிலேயே வைத்திருங்கள்.

தம்பி துண்டைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிதாக எழுதினான். முதல் வரியில் யு.பி.எஸ். லைட் விசிறியை வெட்டும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தான். "அத மறுகா பாப்பம், என்னண்ணே?" என்றான். பார்க்கலாம். அந்தச் செருகி மதர்போர்டில் இருக்கத்தான் போகிறது.