நிபந்தனை உதிர்ந்த அறிவுரைகள்: தமிழ்ச் சரங்களை முன்வைத்து

நிரலாளரிடையே அறிவுரைக்குப் பஞ்சமில்லை. 'எளிமையாக எழுது', 'எழுதியதையே திரும்ப எழுதாதே', 'முதலில் ஓடட்டும், வேகத்தைப் பிறகு பார்க்கலாம்' என்பவை மூத்தவரிடமிருந்து இளையவருக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் எந்தச் சூழலில் பொருந்தும் என்ற நிபந்தனை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1974இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்குச் சான்று. அவசரப்பட்டு வேகத்தைக் கூட்ட முனைவதைக் கண்டித்த அவர், நிரலின் முக்கியமான 3 விழுக்காட்டில் அந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னார். கண்டனம் பழமொழியாகிவிட்டது, விலக்கைப் பலரும் மறந்துவிட்டனர்.

எந்த அறிவுரையையும் அது பொய்க்கும் தரவோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். தமிழ்நாட்டு மாணவருக்கு அத்தகைய தரவு ஊர்ப்பெயரிலேயே கிடைக்கிறது.

'மொழியிலேயே உள்ள செயற்கூறு போதும், புதிதாக எழுதாதே' என்ற நல்லுரையை எடுத்துக்கொள்வோம். சேலம் மாநகராட்சியின் மண்டலங்களுள் ஒன்று அஸ்தம்பட்டி. அப்பெயரின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 11 என்கிறது. ஸ்விஃப்ட் 7 என்கிறது. பள்ளிப் பிள்ளை எண்ணினாலும் 7தான். ஒருங்குறியில் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியெண் உண்டு. பைத்தான் அவற்றை எண்ணுகிறது, ஸ்விஃப்ட் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது. 10 குறிக்குமேல் ஏற்காத படிவத்தில் பெயர் 'அஸ்தம்பட்ட' என நிற்கும். குறிகளைத் தலைகீழாக்கினால் ஸகரத்தின் புள்ளி தகரத்தின்மேல் ஏறிக்கொள்ளும்.

இன்னொரு மண்டலமான கொண்டலாம்பட்டி வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒரே உயிர்க்குறியாகவும் உள்ளிடலாம். கொம்பு, கால் என இரு குறிகளாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பைத்தானில் நேரடியாக ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒருங்குறித் தரம் வகுத்துள்ள இயல்பாக்கத்தைச் செய்த பிறகே ஒப்பிட வேண்டும். இல்லையெனில் ஒரே மண்டலம் பட்டியலில் இருமுறை வரும்.

தொடக்கநிலை மாணவரை இவை குழப்பும் என்ற மறுப்பு எழலாம். ஆனால் ஆங்கிலச் சரத்தோடு தொடங்குவது எளிதாகத் தெரியக் காரணம், அங்கே எழுத்தும் குறியெண்ணும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதுதான். 'அஸ்தம்பட்டி'யில் எத்தனை எழுத்து என்பது மாணவருக்கு முன்பே தெரியும். தவறான விடையை அவரே கண்டுபிடித்துவிடுவார்.

'ஓப்பன் தமிழ் போன்ற நிரலகத்தைப் பயன்படுத்து' என்பதும் சரியான அறிவுரையே; எழுத்துகளைப் பிரிக்கும் வேலையை அது செய்துவிடும். ஆனால் எந்த எண்ணிக்கை வேண்டும் என்பதை அது சொல்லாது. 'அஸ்தம்பட்டி'யின் சேமிப்புக்கு யூ.டி.எஃப்-8 கணக்கில் 33 பைட்டு; சொல் விளையாட்டுக்கு 7 எழுத்து; பெயர்ப்பலகைக்கு இரண்டும் உதவாது, எழுத்துருவின் அகலம்தான் வேண்டும். இத்தேர்வே வடிவமைப்பு.

ஆகவே நிரல் சரிபார்ப்பில் மூத்தவர் 'இப்படி எழுது' என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தம் அறிவுரை தோற்கும் ஓர் உள்ளீட்டைச் சோதனையாக எழுதித் தர வேண்டும். அவர் வேறு வேலைக்குப் போன பின்னும் அந்தச் சோதனை ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து வருபவர் அறிவுரையை அதன் நிபந்தனையோடு பெறுவார்.