கருப்பு யார்? - ஒரு டிவி சீரியலும் தாமிரபரணிக் கரையின் பழைய வழக்கும்

1990-களின் பிற்பகுதி. வாரத்தில் ஒருநாள் இரவு சன் டிவியில் ஒரு குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் தெருவில் தனியாக நடக்கப் பயந்த பிள்ளைகள் இன்றைக்குப் பெற்றோர்களாகி விட்டார்கள். "விடாது கருப்பு" என்று சொன்னால் இப்போதும் அவர்களுக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வரும்.

கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கிய "மர்ம தேசம்" வரிசையில் வந்த தொடர் அது. இந்திரா சௌந்தர்ராஜனின் "விட்டு விடு கருப்பா" என்ற கதைதான் சின்னத்திரையில் "விடாது கருப்பு" ஆனது. இரண்டு தலைப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது கெஞ்சல். இரண்டாவது மிரட்டல்! நாவலுக்கும் சீரியலுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதிலேயே இருக்கிறது.

கதையின் முடிச்சு எளிமையானது. ஒரு கிராமம். தப்பு செய்தவர்களுக்குத் தண்டனை கிடைக்கிறது. கொடுப்பது காவல் தெய்வம் கருப்பசாமி என்கிறது ஊர். சாமியா, சாமி பெயரில் ஒரு மனுஷனா? கடைசியில் மனோதத்துவத்தை வைத்து ஒரு விளக்கம் வரும். (யார் என்பது இங்கே வேண்டாம். யூடியூபில் இன்றும் அதைத் தேடிப் பிடித்து முதல்முறையாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.)

அந்த முடிவைப் பற்றித்தான் சண்டையே. ஊரெல்லாம் சாமி என்று நம்பியதை அறிவைக் கொண்டு அவிழ்த்துக் காட்டினார்களே, அதுதான் பெருமை என்பார்கள் ஒரு சாரார். அதெல்லாம் சும்மா, அத்தனை வாரம் பக்தியையும் பயத்தையும் ஊட்டிவிட்டுக் கடைசியில் கொஞ்சம் விஞ்ஞானம் தெளித்தால் ஆயிற்றா, இது மூடநம்பிக்கை வியாபாரம்தான் என்பது எதிர்க்கட்சி. இவர்களுக்கு நடுவே சத்தமில்லாமல் ஒரு பெரிய கூட்டம் உண்டு. "எல்லாம் சரி... ஆனாலும் கருப்பு இருக்குல்ல?" என்று கேட்கிற கூட்டம். துப்பறியும் கதையின் சட்டப்படி இந்த மூன்றாவது கூட்டம் கதையைப் புரிந்துகொள்ளாதவர்கள். உண்மையில் அவர்கள்தான் மிகப் பழைய வாசகர்கள்.

துப்பறியும் கதை வெளிநாட்டுச் சரக்கு. அதில் பேய் வரலாம், ஆனால் கடைசி அத்தியாயத்துக்குள் போய்விட வேண்டும். கானன் டாயிலின் பாஸ்கர்வில் நாய் (1901-02) நெருப்புக் கக்கும் பூதமாக வந்து, கடைசியில் பாஸ்பரஸ் பூசிய சாதாரண நாயாகிறது. 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதியபோது, அமானுஷ்யத்துக்கு இடமில்லை என்பதையும் ஒரு கட்டளையாகவே சேர்த்தார். பாதிரியாரே சொல்லிவிட்டார்! தமிழில் சுஜாதா "கொலையுதிர் காலம்" எழுதியபோதும் அறிவியலா ஆவியா என்பதுதான் கணேஷ்-வசந்த் முன்னால் இருந்த கேள்வி.

தாமிரபரணிக் கரையில் கொலைக்கதைக்கு வேறு சட்டம். சீவலப்பேரி சுடலை கோயிலிலிருந்து மலையடிவாரம் வரை, கொடை விழாவில் வில்லுப்பாட்டு நடக்கும்போது யாரும் "கொன்றது யார்?" என்று காத்திருப்பதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். செத்தவர் யார், எப்படிச் செத்தார், செத்தபிறகு என்ன செய்தார் என்பதுதான் கதை. வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-ல் வெளிவந்த தன் நூலில் தெய்வப் பிறப்புக் கதைகளையும் மனித இறப்புக் கதைகளையும் பிரித்துக் காட்டினார். இறப்புக் கதையில் சாவு பாடப்படும் நேரத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். அதாவது இங்கே க்ளைமாக்ஸ் கொலையில்தான். கண்டுபிடிப்பதில் இல்லை.

நெல்லைச் சீமையில் இருந்து எழுதிய கால்டுவெல் 1849-லேயே இதைக் கவனித்திருக்கிறார். கோரமாகவோ திடீரென்றோ செத்தவர்கள்தான் பெரும்பாலும் வழிபடு பேய்களாகிறார்கள் என்று எழுதினார். அவர் அதை வெறுத்தார் என்பது வேறு விஷயம். 1809-ல் திருவிதாங்கூர் அரணைப் பிடித்த சண்டையில் காயப்பட்டு இறந்த போல் என்ற ஆங்கிலேய அதிகாரிக்கு, தேரிமணலில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டார்கள் என்பதும் அவர் தரும் தகவல்தான். அகாலமாகச் செத்தால் வெள்ளைக்காரனும் சாமிதான்.

இந்தக் கரையின் பெரிய கொலைக்கதை முத்துப்பட்டன் கதை. பிராமணனான பட்டன், செருப்புத் தைக்கும் குலத்து வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர்மேலும் ஆசைப்படுகிறான். பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கப் பழகி, அவர்களைக் கட்டுகிறான். கல்யாண இரவிலேயே மாடு களவு போகிறது. மறிக்கப் போனவனைக் கள்ளர்கள் கொல்கிறார்கள். செய்தியை வீட்டுக்குக் கொண்டு வருவது அவனுடைய நாய். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் மூவரும் தெய்வமாக நிற்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேட்டவர்கள் இந்தக் கதையையும் சும்மா விடவில்லை. நாங்குநேரிக்காரரான நா.வானமாமலை இதைப் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் வெளியிட்டது. கதையின் சில வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் விடப்பட்டு வாலப்பகடையிடம் வளர்ந்தவர்கள் என்று வருகிறது. அது பின்னால் நுழைக்கப்பட்டது என்பது வானமாமலையின் வாதம். சாதி கடந்த கல்யாணத்தை ஜீரணிக்க முடியாத யாரோ கதையைத் திருத்தியிருக்கிறார்கள். சீரியலின் முடிவு பிடிக்காதவர்கள் திட்டினார்கள், அவ்வளவுதான். இந்தக் கதை பிடிக்காதவர்கள் பிறப்பையே மாற்றிவிட்டார்கள். கொலைகாரன் யார் என்பதைவிட, செத்தவன் யாரைக் கட்டினான் என்பது அவர்களை அதிகம் உறுத்தியிருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு "கருப்பு இருக்குல்ல?" என்ற கேள்விக்குத் திரும்பினால், அது வெறும் மூடநம்பிக்கையாகத் தெரியாது. மாட்டைக் களவாடிக் கொன்றவர்களைப் பிடித்துக் கொடுக்க பட்டனுக்கு ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் இல்லை. வாலப்பகடை வீட்டார் எந்தக் கச்சேரி வாசலில் போய் நிற்பது? தண்டனை என்று ஒன்று நடக்க வேண்டுமானால் செத்தவனே எழுந்து வந்தால்தான் உண்டு. துப்பறிவாளன் போக முடிகிற இடத்தில் சாமி தேவையில்லை. அவன் வராத இடத்தில் சாமிதான் போலீஸ், சாமிதான் நீதிபதி. சீரியலின் மனோதத்துவ விளக்கம் தண்டித்த கை யாருடையது என்று சொல்லிவிட்டது. அந்தத் தண்டனை ஏன் சாமியிடமிருந்து வரவேண்டியிருந்தது என்ற கேள்வியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. பார்த்தவர்களில் பலருக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். அப்போது பலரும் முதலில் நினைத்துக்கொண்டது மர்ம தேசத்தைத்தான். சாமியா மனுஷனா என்ற பழைய வாதத்தை அவர் முடித்து வைக்கவில்லை. முடித்து வைத்திருந்தால் இத்தனை வருஷம் யார் பேசியிருப்பார்கள்?

சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு, அதாவது முத்துப்பட்டனுக்கு, நேர்ச்சையாகத் தோல்செருப்பு கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அவை நடந்து தேய்ந்த மாதிரி இருக்கும் என்று சொல்கிறார்கள். பட்டன் ராத்திரியில் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றிக் காவல் பார்க்கிறானாம். துப்பறிவாளர் ஒருவரை வரவழைத்தால் ஈரம், மழை, குரங்கு என்று ஏதாவது காரணம் கண்டுபிடித்து விடுவார். ஆனால் புதுச்செருப்பு வாங்கிக்கொண்டு மலையேறுகிறவர்கள் அவரிடம் எதுவும் கேட்கப் போவதில்லை.