கன நீரில் கலந்த பொருள்

ரப்பர்ப் பாலில் அளவாக ஃபார்மிக் அமிலம் கலந்தால், மறுநாள் காலையில் அது கட்டியாக உறைந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். சிறிதளவு சேர்க்கும் பொருள் பெரிய வேலை செய்துவிடுகிறது. இதே எண்ணம் ஒரு விஞ்ஞான வழக்கைப் பல்லாண்டுகள் இழுத்தடித்த கதையை இன்று பார்ப்போம்.

1989ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள். அமெரிக்காவின் உட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்னும் இரு இரசாயன அறிஞர்கள் நிருபர்களைக் கூட்டினார்கள். கன நீர் நிறைந்த கண்ணாடிக் குடுவையில் பல்லேடியத் தண்டை இட்டு மின்சாரம் செலுத்தினால், செலுத்தியதைவிட அதிக வெப்பம் வருகிறது என்றார்கள். சூரியனுக்குள் நடக்கும் அணுச்சேர்க்கை மேசைமேல் நடக்கிறதாம்! எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் விடை கொடுத்துவிடலாம் என்று பலர் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

கன நீர் தனியாக மின்சாரத்தை நன்கு கடத்தாது. ஆகவே அதில் லித்தியச் சேர்மம் ஒன்றைக் கலந்திருந்தார்கள். அது மின்சாரத்துக்கு வழிவிடும் பொருள் மட்டுந்தானா, அல்லது அணுச்சேர்க்கையில் பங்குபெறும் கூட்டாளியா? லித்தியம் பல்லேடியத்தின் மேற்பரப்பில் புகுந்து அதை மாற்றுகிறது என்றனர் சிலர். லித்தியத்தின் அணுக்கருவே கனஹைட்ரஜனோடு சேர்கிறது என்றனர் வேறு சிலர். கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வுக்கூடத்தில் அலுமினியம் சேர்த்துப் பார்த்தார்கள். சைனா லேக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் மெல்வின் மைல்ஸ், போரான் கலந்த பல்லேடியத்தால் நல்ல பலன் கண்டதாக அறிவித்தார்.

எதிர்த்தரப்பினரின் கேள்வி எளிமையானது. சொல்லப்பட்ட அளவு வெப்பம் அணுச்சேர்க்கையால் வந்திருந்தால், அதனோடு வெளிப்படும் நியூட்ரான்கள் அந்த அறையில் இருந்தவர்களின் உயிரையே குடித்திருக்குமே! அவர்கள் எப்படி நலமாக இருக்கிறார்கள்? அதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. 1989 நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழுவும், நம்பத்தக்க சான்று இல்லை என்றே கூறியது.

சேர்க்கைப் பொருள் என்ற வாதத்தில் ஒரு சங்கடம் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒருவர் செய்து பார்த்துத் தோற்றால், "உங்கள் உலோகத்தில் அது குறைவு, இது கூடுதல்" என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லிக்கொண்டே போனால் எந்தத் தோல்வியும் தோல்வியாகாது. ஆனாலும் எல்லோரையும் ஏமாற்றுக்காரர் என்று தள்ளுவது நியாயமன்று. பல்லேடியத்தில் கனஹைட்ரஜன் எவ்வளவு நிறைகிறது என்பது உலோகத்துக்கு உலோகம் மாறுவது உண்மையே.

கூகிள் நிறுவனத்தின் பணத்தில் 2015 முதல் சுமார் 30 ஆய்வாளர்கள் மீண்டும் முயன்றார்கள். 2019இல் முடிவை வெளியிட்டபோது, அந்த அதிக வெப்பத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். பல்லேடியத்தில் கனஹைட்ரஜனை அந்த உயர்ந்த அளவுக்கு நிரப்பி, அங்கே நிறுத்திவைப்பதே பெரும்பாடாக இருந்ததாம்.