முதுமையில் பாத மாற்றங்கள்

முதுமையில் பாத மாற்றங்கள் என்பது, உடல் வளர்ச்சி நின்ற பின்னரும் அகவை கூடக்கூட மனிதப் பாதத்தின் நீளம், அகலம், வளைவு, தோல், உணர்திறன் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களைக் குறிக்கும். எலும்புகள் மீண்டும் வளர்வதனால் இவை ஏற்படுவதில்லை. எலும்புகளைப் பிணைத்து நிற்கும் நார்கள் தளர்வதனாலேயே பாதம் நீண்டும் அகன்றும் போகின்றது. இருபது அகவையில் பொருந்திய காலணி அறுபது அகவையில் பொருந்தாமல் போவதற்கு இதுவே முதன்மையான காரணம் ஆகும். வெறுங்காலுடனோ திறந்த செருப்புடனோ நடக்கும் மக்களிடையே இம்மாற்றம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. விழுப்புரம், திண்டிவனம் பகுதி இதற்கு எடுத்துக்காட்டாக இக்கட்டுரையில் கொள்ளப்பட்டுள்ளது.

பாதத்தின் அமைப்பு

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. எலும்பை எலும்போடு பிணைப்பவை தசைநார்கள். தசையை எலும்போடு பிணைப்பவை தசைநாண்கள். குதிகாலில் இருந்து விரல்களின் அடி வரை செல்லும் தடித்த நார்ப்பட்டை ஒன்று, வில்லின் நாணைப் போலப் பாதத்தின் உள்வளைவைத் தாங்குகின்றது. கணுக்காலின் உட்புறமாக இறங்கும் தசைநாண் இவ்வளைவை மேலே இழுத்துப் பிடிக்கின்றது. குதிகாலின் கீழும் முன்பாதத்தின் கீழும் உள்ள கொழுப்புத் திண்டுகள், நடக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கின்றன.

வளர்ச்சிப் பருவம்

பிறந்த குழந்தையின் பாதம் கொழுப்பு நிறைந்து தட்டையாகத் தோன்றும். உள்வளைவு முதல் பத்து ஆண்டுகளுக்குள் படிப்படியாக உருவாகின்றது. பெண்களில் சுமார் 12 முதல் 14 அகவைக்குள்ளும், ஆண்களில் சுமார் 14 முதல் 16 அகவைக்குள்ளும் பாத எலும்புகளின் நீள வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும். பாதத்தின் அளவு அத்துடன் நிலைத்துவிட்டது என்று பலரும் கருதுகின்றனர். இது சரியன்று.

அகவையுடன் ஏற்படும் மாற்றங்கள்

* நீளமும் அகலமும்: தசைநார்கள் தம் இழுவிசையை இழப்பதனால் உள்வளைவு தாழ்கின்றது. வளைந்த வில்லை அழுத்தினால் அதன் இரு முனைகளும் விலகுவதைப் போல, வளைவு தாழும்போது பாதம் நீள்கின்றது. முன்பாத எலும்புகள் விரிவதனால் அகலமும் கூடுகின்றது.
* கொழுப்புத் திண்டு: குதிகாலின் திண்டு மீள்தன்மையை இழக்கின்றது, முன்பாதத்தின் திண்டு மெலிகின்றது. கடினமான தரையில் நடக்கும்போது வலி தோன்ற இதுவும் ஒரு காரணம்.
* விரல்கள்: பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்து, அதன் அடிமூட்டு புடைக்கலாம். சிறுவிரல்கள் நகத்தைப் போல வளைந்து மடங்கலாம்.
* தோலும் நகமும்: தோல் வறண்டு குதிகாலில் பித்தவெடிப்பு உண்டாகின்றது. அழுத்தம் மிகும் இடங்களில் கால் ஆணி தோன்றுகின்றது. நகங்கள் தடித்து வெட்டுவதற்குக் கடினமாகின்றன.
* உணர்திறன்: நரம்புகளின் செயல் குறைவதனால் தொடுகை, அதிர்வு ஆகியவற்றை உணரும் திறன் மங்குகின்றது. இதனால் நடையில் சமநிலை குறைந்து விழுதல் கூடும்.

மாற்றத்தை மிகுவிக்கும் காரணங்கள்

உடல் எடை கூடுதல், நெடுநேரம் நின்று வேலை செய்தல், மூட்டு அழற்சி ஆகியவை வளைவு தாழ்வதை விரைவுபடுத்தும். கருவுற்ற காலத்தில் எடையும் தசைநார்களின் தளர்ச்சியும் ஒருசேரக் கூடுகின்றன. அமெரிக்காவில் 49 பெண்களைக் கொண்டு செய்யப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் பாதம் மகப்பேற்றுக்குப் பின்னர் நீண்டிருந்தது. இம்மாற்றத்தில் பெரும்பகுதி முதல் மகப்பேற்றின்போதே ஏற்படுவதாகவும் அவ்வாய்வு கருதியது.

நீரிழிவு நோய் பாதத்தின் உணர்வையும் குருதி ஓட்டத்தையும் ஒருங்கே குறைக்கின்றது. 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 அகவைக்கு மேற்பட்டோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது.

வெறுங்காலும் காலணியும்

யு. பி. ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய எலும்பு மருத்துவர்கள் இந்தியாவில் 2300 சிறுவர்களின் பாதச்சுவடுகளை ஆராய்ந்து 1992 இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. முன்புறம் மூடிய காலணி அணிந்தவர்களிடம் இது மிகுதியாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது.

வி. சச்சிதானந்தம், பெஞ்சமின் ஜோசப் ஆகியோர் வளர்ச்சி முடிந்த 1846 பேரை ஆராய்ந்து 1995 இல் வெளியிட்ட கட்டுரையும் இதனை ஒட்டியே அமைந்தது. ஆறு அகவைக்கு முன்னர் காலணி அணியத் தொடங்கியவர்களில் 3.24 விழுக்காட்டினருக்கும், 16 அகவைக்குப் பின்னர் தொடங்கியவர்களில் 1.75 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது.

இவ்வாய்வுகள் வளைவு உருவாவதைப் பற்றியவை. வெறுங்காலுடன் நடப்பது முதுமையிலும் பாதுகாப்பானது என்பதற்கு இவை சான்றாக மாட்டா. உணர்விழந்த பாதத்திற்கு முள்ளும் கல்லும் சுடுதரையும் தீங்கு விளைவிப்பன.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில்

விழுப்புரம் மாவட்டம் 1993 இல் தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்து பிரிக்கப்பட்டது. நெல், கரும்பு, இப்பகுதியில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை ஆகியவை இங்கு பயிரிடப்படுகின்றன. நாற்று நடுதல், களையெடுத்தல் போன்ற வேலைகள் வெறுங்காலுடனேயே செய்யப்படுகின்றன. நீரில் நெடுநேரம் நிற்பதனால் விரலிடுக்கில் சேற்றுப்புண் தோன்றுகின்றது. திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் உள்ளன. அங்கு செறிந்த உப்புநீர் பாதத்தோலை வறளச் செய்கின்றது. வீட்டினுள்ளும் கோயில்களிலும் காலணி அணியும் வழக்கம் இல்லை. அருகிலுள்ள திருவண்ணாமலைக்குச் செல்வோர் ஏறத்தாழ 14 கி.மீ. கிரிவலப் பாதையையும் வெறுங்காலுடன் சுற்றி வருகின்றனர்.

வெளியில் செல்லும்போது பரவலாக அணியப்படுவது ரப்பர் செருப்பு ஆகும். மூடிய காலணி அணிபவருக்குப் பாதம் அகன்றால் காலணி இறுகும். அவர் பெரிய அளவை வாங்குவார். ரப்பர் செருப்பு பக்கங்களில் திறந்திருப்பதனால் அத்தகைய எச்சரிக்கையைத் தருவதில்லை. பாதம் செருப்பின் விளிம்பைத் தாண்டி நிற்கும். குதிகால் வெடிப்பு தரையில் படும். வார் விரலிடுக்கை அறுக்கும். ஆயினும் அதே அளவே மீண்டும் வாங்கப்படுகின்றது.

இப்பகுதிப் பெண்களிடம் வேறோர் அடையாளம் உண்டு. திருமணத்தின்போது அணிந்த மெட்டி பின்னாளில் இறுகிக் கழற்ற முடியாமல் போவதும், கொலுசு கணுக்காலில் தடம் பதிப்பதும், விரலோ கணுக்காலோ பருத்துள்ளதையோ வீங்கியுள்ளதையோ காட்டுவன. இறுகிய மெட்டியை அகற்றாவிடில் விரலின் குருதி ஓட்டம் தடைப்படலாம்.

இம்மாவட்டம் யானைக்கால் நோய் காணப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. எனவே ஒரு காலில் மட்டும் தோன்றும் வீக்கத்தை முதுமை என்று விட்டுவிடுதல் கூடாது. முண்டியம்பாக்கத்தில் 2010 இல் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், திண்டிவனம் அரசு மருத்துவமனையும் இப்பகுதியின் அரசு மருத்துவ நிலையங்களுள் அடங்கும்.

உணர்விழந்த பாதத்திற்கான காலணி

உணர்விழந்த பாதங்களைப் பற்றிய அறிவு வளர்வதில் தமிழ்நாட்டிற்குப் பெரும் பங்கு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் (1914–2003), தொழுநோயாளிகளின் பாதப்புண்களுக்குக் காரணம் தசை தானாக அழுகுவது அன்று, வலி தெரியாமையால் மீண்டும் மீண்டும் ஏற்படும் காயமே என்பதை விளக்கினார். வேலூரிலும், அருகிலுள்ள கரிகிரியிலும் அழுத்தத்தைப் பரவலாக்கும் நுண்துளை ரப்பர் செருப்புகள் பயன்படுத்தப்பட்டன. இத்தகைய செருப்புகள் பின்னர் நீரிழிவு நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டன.

காலணி அளவு முறைகள்

ஆங்கில முறையில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. ஆகும். ஐரோப்பிய முறையில் இது சுமார் 6.7 மி.மீ. ஆகவே பாதம் ஒரு செ.மீ. நீண்டால், ஓர் அளவுக்கு மேல் மாற்றம் தேவைப்படும்.

சென்னையில் உள்ள நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 திசம்பர் முதல் 2022 மார்ச்சு வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண வருடிகளால் அளந்தது. இந்தியர்களின் பாதங்கள் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களை விட அகலமானவை என்று அறியப்பட்டது. இதனடிப்படையில் 'பா' என்னும் இந்திய அளவு முறை முன்மொழியப்பட்டது. அதன் எட்டுப் பிரிவுகளில் ஆறு, குழந்தைகளுக்கும் சிறுவர் சிறுமியருக்கும் உரியவை. 14 அகவைக்கு மேற்பட்ட பெண்கள் அனைவரும் ஒரு பிரிவிலும், 15 அகவைக்கு மேற்பட்ட ஆண்கள் அனைவரும் மற்றொரு பிரிவிலும் அடங்குவர். எனவே முதுமையில் தம் அளவு மாறியதா என்பதை ஒவ்வொருவரும் அளந்தே அறிய வேண்டியுள்ளது.

பாதத்தை அளக்கும் முறை

1. பகலில் பாதம் சற்று வீங்குவதனால் மாலையில் அளக்க வேண்டும்.
2. சுவரை ஒட்டித் தாளை வைத்து, குதிகால் சுவரில் படுமாறு எழுந்து நிற்க வேண்டும். அமர்ந்த நிலையில் வளைவு தாழாது. அளவு குறைவாகக் கிடைக்கும்.
3. சுவரில் இருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை அளக்க வேண்டும். அது பெருவிரலாகவே இருக்கும் என்பதில்லை.
4. அகலத்தை விரல்களின் அடியில், மிக விரிந்த இடத்தில் அளக்க வேண்டும்.
5. இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்திற்கு ஏற்பக் காலணியைத் தேர்தல் வேண்டும்.

ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் ஊன்றி எடுத்தால் கிடைக்கும் சுவட்டில், உட்புறம் குழிவின்றி நிறைந்திருந்தால் வளைவு தாழ்ந்துள்ளது எனலாம்.

மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

* ஒரு பாதம் மட்டும் வீங்குதல், சிவத்தல் அல்லது சூடாக இருத்தல்
* கால் மரத்துப்போதல், எரிச்சல், செருப்பு கழன்றது தெரியாமை
* ஆறாத புண் அல்லது நிறம் மாறிய விரல்
* ஒரு பக்க வளைவு சில மாதங்களில் தாழ்ந்துபோதல்

நீரிழிவு உள்ளவர்கள் நாள்தோறும் பாதத்தின் அடிப்பகுதியைப் பார்த்தல் வேண்டும். குனிய இயலாத முதியோர் தரையில் கண்ணாடி வைத்தோ வீட்டார் உதவியுடனோ பார்க்கலாம். கால் ஆணியைத் தாமே வெட்டுதல் தவிர்க்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* தட்டைப் பாதம்
* நீரிழிவு நோய்
* யானைக்கால் நோய்
* விழுப்புரம் மாவட்டம்